சிலபஸ் மாறும்வரை காத்திருக்க வேண்டாம்: கடற்கரைக் கல்லூரிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கடலை ஒட்டிய ஏதோ ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நீங்கள் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நிரந்தரப் பணியோ, கௌரவ விரிவுரையாளரோ, சுயநிதிப் பிரிவோ, எதுவானாலும் சரி. ஏதாவது ஒரு கூட்டத்தில் ‘பாடங்களில் பாலினப் பார்வையைச் சேர்க்க வேண்டும்’ என்று சுற்றறிக்கை வாசித்திருப்பார்கள். எப்படிச் சேர்ப்பது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்ச் 8 அன்று ஒரு கோலப்போட்டி, ஒரு சிறப்புரை, ஒரு குழுப்படம். அந்த ஆண்டுக்கான கணக்கு அதோடு முடிந்துவிடும்.

அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். இதற்கென்று தனிப் பாடத்தாள் ஒன்று கொண்டுவர நானும் சில பருவங்கள் நடையாய் நடந்தேன். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பதே கடைசிவரை தெரியவில்லை. அப்புறம்தான், ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் தாளுக்குள்ளேயே யாருடைய கையெழுத்தும் இல்லாமல் எவ்வளவோ செய்யலாம் என்று பிடிபட்டது. கீழே உள்ளதெல்லாம் அந்த வழி. முதல் பருவத்தில் ஒரே ஒரு தாளில், அதிலும் இரண்டு யூனிட்டுகளில் மட்டும் செய்து பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் அக்டோபரில் மூச்சு வாங்கும்.

1. விடுமுறையிலேயே சிலபஸைப் பிரித்துப் படியுங்கள்

தேவையானவை: உங்கள் மாணவர்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய சிலபஸ், கடந்த மூன்று ஆண்டுகளின் வினாத்தாள்கள், துறையில் கைமாறி வரும் நோட்ஸ். சிலபஸில் ஆண்டைச் சரிபாருங்கள். இணையத்தில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கும். பழைய பாடத்திட்டத்துக்குத் திட்டம் போட்டுவிட்டுப் பருவம் தொடங்கிய பிறகு விழிப்பவர்கள் உண்டு. ஜெராக்ஸ் செலவைத் தவிர வேறு செலவில்லை. ஒரு தாளுக்கு இரண்டு மூன்று நாள் மாலை நேரம் போதும்.

ஒவ்வொரு யூனிட்டின் பக்கத்திலும் பென்சிலால் குறியுங்கள். இந்தப் பாடத்தில் யாருடைய உழைப்பு பேசப்படுகிறது, யாருடையது விடுபடுகிறது? எடுத்துக்காட்டுக் கணக்குகளில் கடைக்காரர், மேலாளர், விஞ்ஞானி எல்லாரும் ஆண் பெயரிலேயே இருக்கிறார்களா? புள்ளிவிவரம் ஆண், பெண் என்று பிரித்துத் தரப்பட்டிருக்கிறதா, ஒரே சராசரியா? ஆராய்ச்சி யார்மீது நடந்தது? நோட்ஸில் ஆண் அறிஞரை ‘அவர்’ என்றும் மீன் விற்கும் அம்மாவை ‘அவள்’ என்றும் எழுதியிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பல துறைகளின் நோட்ஸ் தோற்றுப்போகும்.

எல்லா யூனிட்டிலும் குறி விழாது. விழ வேண்டிய அவசியமும் இல்லை.

2. உங்கள் கை எங்கே எட்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. இணைவு பெற்ற கல்லூரியில் பாடத்திட்டத்தை நீங்கள் திருத்த முடியாது. அது பாடத்திட்டக் குழு, கல்விப் பேரவை என்று மேலே போய் வர வேண்டிய வேலை. பருவத் தேர்வின் 75 மதிப்பெண்ணுக்கான வினாத்தாளும் உங்கள் கையில் இல்லை. ஆனால் இன்டர்னல் 25 மதிப்பெண் உங்களிடம் இருக்கிறது. அசைன்மென்ட் தலைப்பு, செமினார் தலைப்பு, வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு, போடும் கணக்கு, தரும் வாசிப்பு எல்லாம் உங்கள் விருப்பம். ஒரு தாளின் நிறத்தை மாற்ற இது தாராளம்.

இரண்டாவது வழி, 30 மணி நேரத்துக்குக் குறையாத மதிப்புக்கூட்டுப் படிப்பு, அதாவது சிலபஸுக்கு வெளியே நடத்தும் குறுகிய சான்றிதழ்ப் படிப்பு. இதைக் கல்லூரி அளவிலேயே நடத்தலாம். துறைக் கூட்டத்தின் மினிட்ஸ், பாட விவரம், முதல்வர் ஒப்புதல், மாணவர் பட்டியல், வருகைப் பதிவு, மதிப்பீட்டுத் தாள், சான்றிதழ் மாதிரி ஆகியவை வேண்டும். நடைமுறையில் 30 மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி வகுப்பு ஒரு பக்கம் நேரத்தை எடுத்துக்கொள்ளும். மாலையில் வைத்தால் மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் திரும்ப வேண்டிய பெண்கள் பேருந்தை விட்டுவிடுவார்கள். பெண்களைப் பற்றிய படிப்பைப் பெண்களே வர முடியாத நேரத்தில் வைத்த கல்லூரியைப் பார்த்திருக்கிறேன். பேருந்து நேரத்தைக் கேட்டுவிட்டு டைம்டேபிள் போடுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் துறைக்கே பாடத்திட்டக் குழு இருக்கும். கூட்டத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, எந்த யூனிட்டில் எந்த வரிக்குப் பதில் எந்த வரி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ‘பாலின உணர்வூட்டல் தேவை’ என்று பொதுவாக எழுதினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது.

துறைத் தலைவரிடம் பேசும்போது “இது நம்ம சப்ஜெக்ட்ல எங்க மேடம் வருது?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குக் கொள்கை விளக்கம் சொல்லாதீர்கள். யூனிட் எண்ணையும், அந்தப் பாடத்தின் இறுதியில் மாணவர் பெற வேண்டியதாகச் சிலபஸிலேயே அச்சிட்டிருக்கும் வரியையும் காட்டுங்கள். “இந்த வரியை நம்ம கடற்கரை உதாரணத்தோட நடத்துறேன் சார்” என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

3. யூனிட்டுக்குள் எதை வைப்பது

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான்.

பொருளியலில் தேசிய வருமானம் நடத்துகிறீர்கள் என்றால், கணக்கில் வராத வீட்டு வேலையை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுங்கள். ஊதியமில்லா வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள் என்கிறது. 2019இல் இது 299, 97. இந்த எண்களை வைத்துப் புள்ளியியல் வகுப்பும் நடத்தலாம். ஏனென்றால் இவை அந்த வேலையில் அன்று பங்கேற்றவர்களின் சராசரி மட்டுமே. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்த 88இல் சேரவில்லை. எல்லா ஆண்களையும் சேர்த்தால் எண் என்ன ஆகும் என்று கேளுங்கள். நிபந்தனைச் சராசரி என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வணிகவியலில் கூட்டாண்மைக் கணக்குக்கு எப்போதும் போல இரண்டு ஆண் பெயர்கள்தானா? மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போடச் சொல்லுங்கள். நாட்டுப்படகின் வருமானம் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று எப்படிப் பங்கு பிரிகிறது என்று பையன்களுக்கு நன்றாகவே தெரியும். கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கும் பெண், கருவாடு போடும் பெண், வட்டிக்கு வாங்கி அடுத்த நாள் முதல் போடும் பெண் ஆகியோரின் கணக்கை எழுதச் சொன்னால்தான் யோசிப்பார்கள். சொத்துப் பதிவு வரும் பாடத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பதைச் சேர்க்கலாம். வாரிசுரிமை வந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்கும் சம பங்கு தந்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும். கீழக்கரைப் பக்கத்து மாணவிகள் இருந்தால் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கும் வழக்கத்தைப் பற்றி அவர்களே சொல்வார்கள். ‘பெண்ணுக்குச் சொத்தே கிடையாது’ என்று ஒரே போடாகப் போடும் நோட்ஸை அப்போது திருத்த வேண்டிவரும். நல்லதுதான்.

தாவரவியல் ஆசிரியர்களுக்கு நம் கடற்கரை பெரிய வசதி. கடற்பாசியின் வகைப்பாடு, அதிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பொருள்களான அகர், அல்ஜினேட் எல்லாம் சிலபஸில் இருக்கின்றன. அகர் தரும் மரிக்கொழுந்தையும் கஞ்சிப்பாசியையும், அல்ஜினேட் தரும் கட்டக்கோரையையும் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகவும், இந்தப் பெண்களைத் திரட்டியதற்காகவும்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக ஆனபோது யாருடைய வேலைத்தளம் சுருங்கியது என்று கேட்டால், பல்லுயிர்ப் பாதுகாப்பு யூனிட்டுக்கு வேறொரு ஆழம் வரும். படகில்லாமல் கடலில் இறங்குபவர் மீனவர் கணக்கில் வருகிறாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

விலங்கியலில் ஒரு கண்ணி இருக்கிறது. கொடுவா மீன் முதலில் ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாகிறது. கடல் குதிரையில் ஆண்தான் குஞ்சுகளைச் சுமக்கிறது. மாணவர்கள் கண் விரியக் கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டு ‘ஆகவே மனிதர்களிலும்’ என்று தாவாதீர்கள். மீன் செய்வதை வைத்து மனித சமூகத்தை நியாயப்படுத்த முடியும் என்றால், எதிர்த்தரப்பும் வேறொரு விலங்கைக் கொண்டுவரும். இனப்பெருக்க உத்திகள் பலவிதம், ‘ஆண் என்றால் இப்படித்தான்’ என்று உயிரியல் சொல்லவில்லை. அந்த எல்லையோடு நிறுத்துங்கள்.

மருந்து வேதியியல், உயிர்வேதியியல் நடத்துபவர்களுக்கு ஒரு உதாரணமே போதும். ஜோல்பிடெம் என்ற தூக்க மருந்தின் சாதாரண வகைக்குப் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் குறைத்தது. பெண்களின் உடலில் அது மெதுவாகக் கழிகிறது, காலையிலும் இரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்பது காரணம். மருந்து சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. கணினி அறிவியலில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் பற்றி 2018இல் வந்த ஆய்வு: வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. பயிற்சித் தரவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று அங்கிருந்து பேசலாம்.

வரலாற்றில் வேலு நாச்சியாருக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது வழக்கம். இராமநாதபுரத்தில் பிறந்தவர், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அரசிகளோடு நின்றால் மற்ற பெண்கள் வரலாற்றிலேயே இல்லை என்றாகிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவர், கருவேலங்கரி மூட்டம் போடுபவர், பனையோலை முடைபவர் ஆகியோரிடம் வாய்மொழி வரலாறு சேகரிக்கச் சொல்லுங்கள். தமிழ்த் துறைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் நெல்லுக்கு உப்பு என்று விலை கூறிக்கொண்டு தெருவில் வரும், உப்பு வணிகரான உமணரின் மகளை அழகுக்காக மட்டும் நடத்தாமல், வியாபாரியாகவும் நடத்திப் பாருங்கள்.

கணிதம், இயற்பியல்? வலிந்து திணிக்காதீர்கள். வகைக்கெழுச் சமன்பாட்டில் பாலினம் தேடினால் மாணவர்கள் சிரிப்பார்கள், நியாயமான சிரிப்பு. அங்கே மாற வேண்டியது பாடப்பொருளைவிட வகுப்பறை. ஆறாவது தலைப்புக்குப் போங்கள்.

4. எண்கள் எங்கே கிடைக்கும்

எல்லாம் இலவசம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இராமநாதபுரம் மாவட்டத்துக்கென்று தனித் தகவல் தாள் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டப் பாலின விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு 983 பெண்கள். எழுத்தறிவு, வேலை பற்றிய பிரிவுகளும் உண்டு. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் கணக்கெடுப்பு, கரை சார்ந்த தொழில்களில் இருக்கும் பெண்களையும் எண்ணுகிறது. அந்த நிறுவனத்தின் மண்டல மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. கடிதம் கொடுத்துவிட்டு நேரில் போனால் வேலை எளிது.

எந்த எண்ணைப் போட்டாலும் ஆண்டைப் பக்கத்தில் எழுதுங்கள். 2011 எண்ணை ‘இன்றைய நிலை’ என்று சொல்லும் செமினார்களுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

நீங்களே படித்துக்கொள்ள வேண்டும் என்றால் மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாலினம் சார்ந்த படிப்புகளில் இலவசமாகச் சேரலாம். சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும் தேர்வுக் கட்டணம். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் அதில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளுக்கு அது 1000 ரூபாய்.

5. கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துப் போவது

தேவையான ஆவணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல்வரின் அனுமதிக் கடிதம், துறை மினிட்ஸ், மாணவர் பட்டியலும் தொலைபேசி எண்களும், பெற்றோர் ஒப்புதல், உடன் வரும் ஆசிரியர் பெயர் (மாணவிகள் இருந்தால் ஒரு பெண் ஆசிரியர்), ஊர்த் தலைவருக்கோ மீனவர் சங்கத்துக்கோ ஒரு கடிதம். இவற்றுக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பெற்றோர் ஒப்புதல்தான் கடைசியில் இழுக்கும். பெண் பிள்ளைகளின் வீட்டில் ‘எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்’ என்பதற்குப் பதில் படிவத்திலேயே இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. படகுக்காரர் ‘நான் பாத்துக்கிறேன்’ என்றாலும் போகாதீர்கள்.

காலம் பார்ப்பது அதைவிட முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது தேர்வும் விடுமுறையுமாகப் போய்விடும். கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, முரடாக இருக்கும்; வாடைக்காலத்தில் வடகடல், அதாவது பாக் விரிகுடா. ஜூலை, ஆகஸ்டில் போவதென்றால் வடகடல் பக்கத்து ஊர்கள், ஜனவரிக்கு மேல் தென்கடல் பக்கம். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். ஏலத்தையும் பெண்கள் கொள்முதல் செய்வதையும் பார்க்க வேண்டுமானால் படகு திரும்பும் காலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பேருந்தில் இறங்கினால் ஈரத்தரைதான் இருக்கும். பாசி எடுப்பவர்கள் கடல் வற்றும் நாட்களையும் நேரத்தையும் பார்த்துப் போவார்கள். அந்த நாளில் அவர்களைப் பேட்டிக்கு உட்கார வைக்காதீர்கள்.

பணம் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். வெளியூர் பேராசிரியர் சிறப்புரைக்கு வந்தால் சால்வை, உணவு, பயணப்படி, மதிப்பூதியம் எல்லாம் கொடுக்கிறோம். பாசி எடுக்கும் அக்கா கல்லூரிக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினால் ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறோம். அவருக்கு அன்று ஒரு நாள் வருமானம் போகிறது. குறைந்தது அந்தத் தொகையும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தாக வேண்டும். ரசீதில் அவர் பெயருக்கு நேராகக் ‘கருத்தாளர்’ என்றே எழுதுங்கள். அலுவலகத்தில் ‘கல்வித் தகுதி?’ என்று கேட்பார்கள். ‘கடல்பாசித் தொழில் அனுபவம்’ என்று எழுதித் தந்தால் வாங்கிக்கொள்கிறார்கள். வங்கிப் பரிமாற்றம் என்றால் கணக்கு எண்ணை முன்பே வாங்கி வையுங்கள். பணம் வர மாதக்கணக்கில் ஆனால் அடுத்த முறை அந்த ஊருக்குள் நீங்கள் போக முடியாது.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். தொலைவு ஊர்களுக்குப் போகும் பேருந்தில் கட்டணம் உண்டு. ‘பெண்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே’ என்று பட்ஜெட் போடாதீர்கள்.

புகைப்படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். நனைந்த உடையில் கரையேறும் பெண்களைப் படம் எடுத்து, இடக்குறியீட்டோடு அறிக்கையில் ஒட்டுவதை எந்தத் தர மதிப்பீட்டுக் குழுவும் கேட்கவில்லை.

6. வகுப்பறைக்குள்

பாடப்பொருளில் எவ்வளவு மாற்றினாலும், ஆய்வகத்தில் பையன்கள் கருவியைப் பிடிக்க, பெண்கள் ரெக்கார்டு எழுதும் வழக்கம் தொடர்ந்தால் பயனில்லை. சுழற்சி முறையில் மாற்றிவிடுங்கள். குழுத்தலைவர், குறிப்பெடுப்பவர், கருவியை இயக்குபவர் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். கேள்வி கேட்டதும் கை தூக்கும் முதல் ஆளிடம் போகாமல் கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாரம், யார் யார் பதில் சொன்னார்கள் என்று வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் உங்கள் வகுப்பு உங்களுக்கே தெரியவரும்.

பையன்களை எதிரியாக்கும் தொனி வேண்டாம். பதினெட்டு வயதில் கடலுக்குப் போய்விட்டு அரைத்தூக்கத்தில் வகுப்புக்கு வருபவன் இருப்பான். அண்ணனோ அப்பாவோ இலங்கைக் கடற்படையால் கைதான வீட்டுப் பையன் இருப்பான். ‘ஆண் என்றால் சம்பாதிக்க வேண்டும்’ என்பது அவனை என்ன செய்கிறது என்பதும் இந்தப் பாடத்துக்குள்தான் வருகிறது. அதைத் தொட்டால் அவனே பேசத் தொடங்குவான்.

திருநர் மாணவர் இருந்தால், எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று தனியே கேட்டு அப்படியே அழையுங்கள். வகுப்பில் அவரை எடுத்துக்காட்டாக்காதீர்கள். அதே போல முக்காடு, புர்கா பற்றிய விவாதத்தை மாணவிகள் தாங்களே எடுத்தால் ஒழிய நீங்கள் தொடங்க வேண்டாம். அந்த ஒரு விவாதம் பருவம் முழுவதையும் விழுங்கிவிடும்.

7. இன்டர்னல் கேள்வியை மாற்றுங்கள்

‘மீனவர்களின் பொருளாதார நிலையை விவரி’ என்றால் எல்லாரும் ஒரே நோட்ஸை எழுதுவார்கள். ‘உங்கள் ஊரில் ஒரு கூடை மீன் கரையிலிருந்து வாங்குபவர் வீடு போகும்வரை எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார், அவருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?’ என்று கேளுங்கள். இதை நகலெடுக்க முடியாது.

சொந்த வீட்டை ஆராயச் சொல்லும் அசைன்மென்ட்டில் கவனம் தேவை. பட்டா யார் பெயரில் இருக்கிறது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயை யார் செலவு செய்கிறார் என்பவை நல்ல கேள்விகள்தான். ஆனால் எழுதியதை வகுப்பில் வாசிக்க வைக்கக் கூடாது. பெயரில்லாமல் எழுதித் தரவோ, தெரிந்த வேறொரு குடும்பத்தைப் பற்றி எழுதவோ வாய்ப்புக் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பருவத் தேர்வுத் தாளைத் திருத்துபவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். புத்தக வரையறையை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் நம் எடுத்துக்காட்டு. வரையறை இல்லாமல் பாசி எடுக்கும் அக்காவின் கதையை மட்டும் எழுதினால் மதிப்பெண் விழாது, பழி உங்கள்மீது விழும்.

8. மாணவி ஒருவர் வந்து சொல்லும்போது

இந்தப் பாடங்களை நடத்தத் தொடங்கிய சில வாரங்களில் யாராவது ஒருவர் வகுப்பு முடிந்ததும் நின்று, தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொல்வார். அதற்கு முன்பே தயாராக இருங்கள். உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார், அவர்கள் எண் என்ன என்று பருவத்தின் முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எல்லா உயர்கல்வி நிறுவனத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியர், மொத்த உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் தொடர்புடைய புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் உண்டு. சில இடங்களில் பலகையில் பெயர் இருக்கும், அந்த உறுப்பினர் பணி ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழு எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். களப்பயணத்தில் நடந்ததும் இதில் வரும். புகார் தருபவர் ஆணாகவோ திருநராகவோ இருக்கலாம் என்பதையும் அந்த விதிமுறைகள் கணக்கில் எடுத்திருக்கின்றன.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதலாண்டு மாணவிக்குப் பதினெட்டு வயது நிரம்பாமல் இருக்கலாம். அப்போது போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் இருப்பது குற்றம். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. நீங்களே விசாரணை நடத்த வேண்டாம், எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுச் ‘சமாதானம்’ பேசவும் வேண்டாம். தேதி, நேரம், அவர் சொன்னது ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

9. கோப்பு

கல்லூரியின் தரக் கண்காணிப்புக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யிலிருந்து ஒரு நாள் ‘உடனே தாருங்கள்’ என்று கேட்பார்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான நாக்கின் இணைவுக் கல்லூரிக் கையேட்டில் இந்த வேலை 1.3.1இல் வரும் (பாடத்திட்டத்தில் பாலினம் உள்ளிட்ட பொதுப் பிரச்சினைகளைச் சேர்த்தல்). பாலினச் சமத்துவத்துக்கான ஏற்பாடுகள் 7.1.1. எண்கள் கையேட்டுக்குக் கையேடு மாறும், கேட்கும் ஆதாரம் மாறாது. யூனிட் குறித்த சிலபஸ் பக்கம், லெசன் பிளான், அசைன்மென்ட் தலைப்புகள், திருத்திய தாள்களில் நல்லது ஒன்று, சுமாரானது ஒன்று, களப்பயண அனுமதிகள், ரசீதுகள், மாணவர் கருத்துப் படிவம். இவற்றை அந்தந்த வாரமே ஸ்கேன் செய்து தேதியோடு பெயரிட்டால் மார்ச்சில் தூக்கம் கெடாது.

கருத்துப் படிவத்தில் ‘பயனுள்ளதாக இருந்ததா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்பார்கள். ‘எந்த வகுப்பில் பேச நினைத்துப் பேசாமல் விட்டீர்கள், ஏன்?’ என்று ஒரு கேள்வி மட்டும் போதும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோப்பின் ஒரு நகல் துறை அலமாரியில், ஒன்று துறையின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும். உங்கள் சொந்தப் பென் டிரைவில் மட்டும் வைத்திருந்தால், இடமாறுதல் ஆணை வரும் மே மாதத்தில் அதுவும் உங்களோடு வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்து வருபவர் மறுபடி முதல் யூனிட்டிலிருந்து பென்சிலைத் தேட வேண்டியிருக்கும்.